நிழல் போட மறந்த படம்

பதினாறு நாள் விடாமல் மழை பெய்த அந்தக் கார்த்திகையில் மணல்துறையில் ஒரே ஓர் இடத்தில்தான் வெயில் அடித்தது. அது ஜபருல்லா பாயின் படக்கொட்டகைக்குள். நம்புகிறவர்கள் உட்காருங்கள். நம்பாதவர்கள் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டேன், எனக்கு எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும். என் பெயர் அம்புரோஸ். அந்தக் கொட்டகையில் ஒட்டகம் போடுகிறவன். இருபத்திரண்டு வருசத்தில் மூவாயிரம் ஒட்டகமாவது போட்டிருப்பேன், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. மகாபலிபுரத்தில் ஒன்று நிற்கிறது என்று ஒருமுறை பஸ் ஏறிப் போனேன், அன்றைக்குப் பார்த்து அது யாரோ ஒருத்தரின் கல்யாண ஊர்வலத்துக்குப் போயிருந்தது.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் வெள்ளைக்கார ஓவியர்கள் கப்பலேறி கெய்ரோ, இஸ்தான்புல், மொராக்கோ என்று போய், கொஞ்ச நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே வாங்கின கம்பளத்தையும் கூஜாவையும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தலைப்பாகை கட்டி உட்கார வைத்துப் படம் வரைந்தார்கள். பாம்பாட்டி, கம்பளக் கடை, குளிக்கிற பெண்கள், பள்ளிவாசல் படிக்கட்டு என்று ஆயிரம் படம், எல்லாம் நூல் நூலாக, மணி மணியாக, தொட்டால் விரலில் தூசி ஒட்டும் என்கிற மாதிரி. அசல் எல்லாம் இப்போது மியூசியத்தில் கிடக்கிறது, விலைக்கு வராது. ஆனால் பெரிய ஓட்டல்காரர்களுக்கும் பங்களாக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று வேண்டும், அச்சடித்தது ஆகாது, கையால் போட்டதாக இருக்க வேண்டும். அந்த ஆர்டர் எல்லாம் மணல்துறைக்குத்தான் வரும். பாய் வாலிபத்தில் துபாயில் ஃபிரேம் கடையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபோது மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் செண்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள், இவர் சுருட்டின அச்சுப்படம் நாற்பது கொண்டுவந்தார். ஊர் சிரித்தது. பிறகு அந்த ஊரில் பதினோரு குடும்பம் அதில்தான் சாப்பிட்டது.

அச்சுப்படத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிக் கட்டம் பிரிப்போம், அதே கணக்கில் கித்தானில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக ஏற்றுவோம். ஆளுக்கொரு வேலை. வைத்திக்கு வானம், கடைசியில் வார்னிஷ் அடிப்பதும் அவன்தான். ஒருத்தர் முகம், ஒருத்தர் தலைப்பாகை, ஒருத்தர் சுவர், பித்தளைச் சாமான் மட்டுமே போடுகிற ஒரு அம்மாள், மிருகங்களுக்கு நான். எல்லாரும் முடித்த பிறகு, எல்லாம் காய்ந்த பிறகு, கடைசியாக வருவாள் அஞ்சலாட்சி. அவள் நிழல் போடுகிறவள். படகுக்காரர் வீட்டுப் பெண், பதினான்கு வருசமாக இதே வேலை. நிழலுக்குக் கறுப்பு கலக்க மாட்டாள், ஒரு சொட்டுக்கூட. நீலமும் காவியும் இன்னும் என்னென்னவோ குழைத்து மணலில் பூசுவாள், அப்போதுதான் என் ஒட்டகத்துக்குக் கால் தரையில் படும். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று வைத்தி நிழல் போட்டுப் பார்த்தான். ஒட்டகம் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

இந்த முறை வந்த ஆர்டர், ஐதராபாத்தில் புதிதாகத் திறக்கிற ஒரு ஓட்டலுக்கு. பன்னிரண்டடி நீளம், எட்டடி உயரம். கெய்ரோவில் ஒரு கோட்டை வாசல், உச்சி வெயில், கம்பளக்காரன், தண்ணீர்க்காரன், எட்டு ஒட்டகம், மூன்று நாய், ஒரு கூட்டம் புறா, இடது ஓரத்துக் கீழ் மூலையில் துணிப்பந்தலுக்கடியில் தர்பூசணி விற்கிற ஒரு ஆள். படம் முடியப் போகிற வாரம் அஞ்சலாட்சியின் தங்கை சுகந்திக்கு முன்கூட்டியே வலி கண்டு, அவளைக் கடலூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இவளும் கூடவே தங்கிவிட்டாள். இங்கே நாங்கள் அவரவர் கட்டத்தை முடித்தோம். என் ஒட்டகம் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்தேன், வானம் சரியாக இருக்கிறதா என்று வைத்தி பார்த்தான், பித்தளை போடுகிற அம்மாள் தன் கூஜாவைப் பார்த்தார். முழுப் படத்தையும் நின்று பார்க்கிற பழக்கம் எங்களில் ஒருத்தருக்கும் கிடையாது. கட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண்கள், என்ன செய்வது. வைத்தி வார்னிஷ் அடித்தான், பாய் ஷட்டரை இறக்கினார், எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை மழையில் நனைந்துகொண்டே பாய் ஷட்டரைத் தூக்கினால், உள்ளே தரையெல்லாம் வெயில். முதலில் கூரைத் தகரம் பறந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தார். தகரம் இருந்தது, அதன் மேல் மழை தட்டிக்கொண்டுதான் இருந்தது. படத்திலிருந்து வெயில் இறங்கி, பன்னிரண்டடி அகலத்துக்குத் தரையில் விழுந்து, எதிர்ச்சுவர் வரைக்கும் போயிருந்தது. செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பார்த்தார், சுட்டது, காலை எடுத்துக்கொண்டார். பிறகு குடையை விரித்து வெயிலில் வைத்தார்.

நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். வைத்திதான் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “நிழலே போடலியே பாய்” என்றான். “வெயில் மட்டும் போட்டிருக்கோம். புடிச்சு வைக்க நிழல் இல்ல, அது வெளிய வந்துடுச்சு.” குழாயை மூட மறந்துவிட்டோம் என்கிற மாதிரிதான் சொன்னான். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “அஞ்சலாட்சி எப்ப வருவா?” என்று மட்டும் கேட்டார். லாரி வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தலைப்பாகை போடுகிற செண்பகவல்லி அன்றைக்கு மத்தியானம் தன் பிள்ளைகளின் ஈரப் பாவாடையைக் கொண்டுவந்து கொடி கட்டினாள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் வடாம் வந்தது, வற்றல் வந்தது, இடிக்க வைத்திருந்த மிளகாயும் மல்லியும் வந்தது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் வந்தது, சலூன்காரரின் துண்டுகள் வந்தன, தர்காவிலிருந்து கோரைப்பாயும் மாதா கோயிலிலிருந்து திரைச்சீலையும் ஒரே தள்ளுவண்டியில் வந்தன, தபால்காரர் ஊறிப்போன கடிதங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து யாரும் படிக்காமல் பார்த்துக்கொண்டார், அவர் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. மூட்டுவலிக்காரர்கள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரில் இருந்த பூனைகள் எல்லாம் யாரும் கூப்பிடாமலே வந்தன. மழைக்காலத்தில் ஊரே முகம் வெளுத்துக் கிடக்க, எங்கள் கொட்டகைக்கு வந்து போகிறவர்கள் மட்டும் கறுத்துக்கொண்டே போனார்கள்.

நாலாம் நாள் கருவாட்டுக்காரி சம்பூரணம் இரண்டு கூடையோடு வந்து இறங்கியதில்தான் சண்டை வந்தது. வடாம் போட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

“கருவாட்டுக்கும் வடாத்துக்கும் ஒரே வெயிலா?” என்றாள் ஒருத்தி.

“ஆமா, உன் வடாத்துக்குத் தனியா ஒரு சூரியன் வரைஞ்சு தரச் சொல்லு” என்றாள் சம்பூரணம், “நான் வேணாங்கல.”

பஞ்சாயத்துத் தலைவர் வந்து, ரேஷன் கடை டோக்கன்களை வாங்கி, வாசனை இல்லாததெல்லாம் காலையில், வாசனை உள்ளதெல்லாம் மத்தியானத்துக்கு மேல் என்று பிரித்துக் கொடுத்தார். படத்தில் எப்போதும் உச்சி வெயில்தான் என்பதால் காலைக்காரர்களுக்கும் நஷ்டமில்லை, மாலைக்காரர்களுக்கும் நஷ்டமில்லை. இருட்டினதும் பாய் ஒரு தார்ப்பாயை எடுத்துப் படத்துக்கு மேல் போர்த்திவிடுவார், இல்லாவிட்டால் தெருவில் சேவல்களுக்கு எப்போது கூவுவது என்று தெரியாமல் போய்விடுகிறது. எப்படி வெயில் வருகிறது என்று இரண்டு நாள் பேசினார்கள். அதற்கப்புறம் யாருக்கு முந்தின டோக்கன் என்பதுதான் பேச்சு.

சனிக்கிழமை, மழை தொடங்கி ஒன்பதாம் நாள், அஞ்சலாட்சி வந்தாள். கூடவே சுகந்தியும், துணியில் சுற்றின ஆறு நாள் குழந்தையும். பெண் குழந்தை, மூன்று வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது, கைக்குள் அடங்குகிற அளவு. அவர்கள் வந்த பஸ்தான் கடைசி பஸ், அது தாண்டின கொஞ்ச நேரத்தில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. குழந்தை முகமெல்லாம் மஞ்சள், கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்திலும் மஞ்சள். புறப்படும்போது டாக்டர் சொல்லி அனுப்பியதைச் சுகந்தி மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்: பால் நல்லாக் குடுக்கணும், இளவெயில் காட்டணும், மஞ்சள் கீழ இறங்கினா உடனே தூக்கிட்டு வரணும். தூக்கிக்கொண்டு போகப் பாலம் இல்லை. காட்ட வெயில் இல்லை.

எங்கள் ஊர் நர்சம்மா தெரசா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தார். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார், மஞ்சள். நெஞ்சில் அழுத்தினார், மஞ்சள். தொப்புளுக்கு மேல் அழுத்தினார், அங்கேயும். தொடையில் அழுத்தினார், அங்கே தோல் சிவப்பாகத்தான் இருந்தது.

“இதுக்குக் கீழ எறங்கக் கூடாது” என்றார். அப்புறம், “எங்க அந்த வெயிலு? கொண்டாங்க புள்ளைய” என்றார்.

அஞ்சலாட்சி கொட்டகைக்குள் வந்ததும் குழந்தையை மறந்து படத்தைத்தான் பார்த்தாள். ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். அவளுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் இறங்கும்.

“பதினாலு வருசமா நான் போட்டது ஒருத்தர் கண்ணுலயும் படல. சரி போகட்டும். நான் போடாததுகூடவா அம்புரோசண்ணே படல?”

என் எட்டு ஒட்டகமும் மணலில் கால் படாமல் தொங்கிக்கொண்டிருந்தன, இருபத்திரண்டு வருச அனுபவம் உள்ள நான் அதைப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

இதற்குள் நர்சம்மா வெயிலில் கையை நீட்டி நீட்டி, ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனார், வெந்நீர் பதம் பார்க்கிற மாதிரி. நடுவில் கொளுத்தியது. இடது மூலையில், தர்பூசணிக்காரனுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். அவன் துணிப்பந்தலுக்கடியில் உட்கார்ந்திருக்கிறவன் இல்லையா, அங்கே வெயில் துணியில் வடிந்து இளசாக வந்தது. அந்த இடத்தில்தான் கோரைப்பாயைப் போட்டு, துணியை விலக்கி, குழந்தையைக் கொஞ்ச நேரம் குப்புறவும் கொஞ்ச நேரம் மல்லாக்கவும் போட்டார்கள். அது கையை விரித்தது. ஆறு நாள் வாழ்க்கையில் முதல் வெயில், அதுவும் கெய்ரோ வெயில்.

மஸ்கட்டில் வேலை பார்க்கிற அப்பன் குமாரவேல் அன்றைக்கு வீடியோ காலில் வந்து குழந்தையைப் பார்த்தான், அப்புறம் பின்னால் இருந்த படத்தைப் பார்த்தான். “அது எந்த ஊரு?” என்று கேட்டான். அரபு நாடு என்று சொன்னோம். “நான் ஆறு வருசமா இங்கதானே கெடக்கேன், ரோட்டுல ஒரு ஒட்டகத்தப் பார்த்ததில்ல. எங்க பார்த்தாலும் மஞ்சத் தொப்பி போட்ட நம்மாளுங்கதான்” என்றான். பிறகு, “எதுவா இருந்தா என்ன, நல்லாக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு, போனைக் குழந்தைக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொன்னான்.

மறுநாள் காலையில்தான் பாய் அஞ்சலாட்சியிடம் வந்தார், கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

“வியாழக்கெழம லாரிம்மா. போகலன்னா அவங்க அச்சடிச்ச துணிய வாங்கி மாட்டிட்டுப் போயிடுவாங்க. ஒரு தடவ அப்படிப் பழகிட்டா நம்மகிட்ட எதுக்கு வரப் போறாங்க? பதினோரு குடும்பம். உன்னையும் சேத்துதான் சொல்றேன்.”

“தெரியும் பாய்.”

“நிழலப் போட்டா வெயிலு நின்னுடுமா?”

“போட்டுப் பாப்பம்” என்றாள்.

வார்னிஷுக்கு மேல் நிழல் ஒட்டாது. பஞ்சில் டர்பன்டைனை நனைத்து, நடுவில் நிற்கிற ஒரு நாயின் காலடியில் மட்டும் துடைத்து, அங்கே ஒரு கை அகலத்துக்கு நிழல் போட்டாள். தரையில், அந்த நாய்க்கு நேரே, நாய் அளவுக்கு வெயில் போய்விட்டது. அந்த இடத்தில் மழைக்கால இருட்டு அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் படுத்திருந்த பூனை எழுந்து ஒரு முழம் தள்ளிப் படுத்தது.

அன்று மாலை கொட்டகையில் ஊர்க்கூட்டம். அஞ்சலாட்சி ஸ்டூலில் ஏறி நின்று சொன்னாள்: “மொத்தம் நாப்பத்தேழு நிழல். ஒண்ணு போட்டாச்சு. வியாழக்கெழமைக்குள்ள மத்ததையும் போடணும். ஒவ்வொண்ணு போடப் போட ஒவ்வொருத்தர் எடமாப் போகும். தர்பூசணிக்காரன் நிழல் கடைசி. அதுல பேச்சே கெடையாது. மத்த நாப்பத்தஞ்சுல எது முன்னாடி எது பின்னாடின்னு நீங்களே அடிச்சுக்குங்க.”

அடித்துக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். எட்டு நாளாக ஒரு சாண் வெயிலுக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்ற சனம். சம்பூரணம்தான் முதலில் எழுந்தாள்.

“என் கூடைக்கு நேரா என்ன இருக்கு?”

“ரெண்டு ஒட்டகம்” என்றேன்.

“போட்டுடு. ரெண்டையும் மொதல்ல போடு. கருவாடு நாறுனா நாறட்டும், என்னைக்கு அது மணத்துச்சு?”

அதற்கப்புறம் வடாம்காரிகள் சும்மா இருப்பார்களா? எங்கள் இடத்தை எடுத்துக்கொள், எங்கள் இடத்தை எடுத்துக்கொள் என்று இப்போது அதற்குச் சண்டை. சலூன்காரர் தன் புறாக்கூட்டத்தை விட்டுக்கொடுத்தார். தர்காக்காரர்களும் மாதா கோயில்காரர்களும் கம்பளக்காரன் நிழலை முதலில் யார் விட்டுக்கொடுப்பது என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். தபால்காரர் மட்டும் இன்னும் நாலு கடிதம் ஈரமாக இருக்கிறது, அதுவரைக்கும் தண்ணீர்க்காரனைத் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சரி என்றோம்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அஞ்சலாட்சி நிழல் போட்டாள். அந்த நாலு நாளும் நான் என் வேலையை விட்டுவிட்டு அவளுக்குப் பெயிண்ட் குழைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் முதல் தடவையாக முழுப் படத்தையும் நின்று பார்த்தேன், ஒவ்வொரு நிழல் விழ விழ ஒவ்வொரு ஆளாகத் தரையில் இறங்கி நின்றான், என் ஒட்டகங்களுக்கு எடை வந்தது, கோட்டை வாசல் பின்னால் போனது. இவ்வளவு நாள் நான் போட்டதெல்லாம் வெறும் ஒட்டகப் பொம்மை, அதை ஒட்டகமாக்கியது இவள் என்று தோன்றியது. அவளிடமே சொல்லிவிட்டேன். “இப்பவாச்சும் தெரிஞ்சுதே” என்று சொல்லிவிட்டு, காவி கொஞ்சம் கூடிவிட்டது என்று என்னைத் திட்டினாள்.

படத்தில் நிழல் ஏற ஏற, தரையில் வெயில் சுருங்கிக்கொண்டே வந்தது. நர்சம்மா தினம் இரண்டு வேளை வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தொப்புள் வரைக்கும் இருந்தது. திங்கள் அதே இடம், கீழே இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நெஞ்சுக்கு ஏறியிருந்தது. புதன்கிழமை கழுத்து. ஊரில் யாரைப் பார்த்தாலும் “எது வரைக்கும்?” என்பதுதான் கேள்வி, டீக்கடையில் கேட்டார்கள், படகுத்துறையில் கேட்டார்கள், குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, ஆனால் அதன் தொப்புளும் கழுத்தும் ஊருக்கே மனப்பாடம்.

வியாழக்கிழமை காலை பாலத்தில் தண்ணீர் வடிந்து லாரி வந்தது. நாற்பத்தாறு நிழல் முடிந்திருந்தது. கொட்டகை முழுக்க மழை இருட்டு, இடது மூலையில் மட்டும் ஒரு கோரைப்பாய் அகலத்துக்கு வெயில், அதில் குழந்தை. நர்சம்மா நெற்றியில் அழுத்தினார். கண் ரப்பையை விலக்கிப் பார்த்தார்.

“மூஞ்சியிலயும் கண்ணுலயும் இன்னும் இருக்கு. பால் நல்லாக் குடிக்குது, பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா இன்னும் ரெண்டு நாள் காட்டுனா நல்லது. இத்துனூண்டு ஒடம்பு, இப்ப நிறுத்துனா மறுபடி ஏறிடுமோன்னு இருக்கு.”

லாரி டிரைவர் வாசலில் நின்று, “அண்ணே, மேல அணை தொறக்குறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள பாலம் மறுபடி முங்கிடும். போனா இப்ப போகணும், இல்லன்னா அடுத்த வாரந்தான்” என்றார்.

அஞ்சலாட்சி கடைசி நிழலுக்குக் குழைத்த பெயிண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நிழலைப் போட்டாலும் வெயில் போய்விடும், போடாமல் லாரியில் ஏற்றினாலும் போய்விடும். அவள் பாயைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பாயைப் பார்த்தோம். மனுசன் குழந்தையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி குழந்தையைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து கித்தான் வெட்டுகிற கத்தியை எடுத்தார்.

எங்கள் தொழிலில் முடிந்த படத்தில் கத்தி வைப்பது பெற்ற பிள்ளை மேல் வைப்பதற்குச் சமம். வைத்தி, “பாய்” என்று ஒரு சத்தம் போட்டான். பாய் காதில் வாங்கவில்லை. இடது ஓரத்தில் ஓரடி அளந்து, மேலே வானத்தில் ஆரம்பித்து, கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு, தர்பூசணிக்காரனின் பந்தலுக்கு இந்தப் பக்கமாக, கீழ் ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பில் இறக்கினார். வெட்டின துண்டு சுருண்டு கீழே விழுந்தது. விழுந்ததும் வெயில் போய்விட்டது.

சுகந்தி குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாய் கத்தியைக் கீழே போட்டார். அஞ்சலாட்சி குனிந்து, அந்தத் துண்டை எடுத்து, சுருளைப் பிரித்து, இரண்டு கையாலும் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தாள். “அம்புரோசண்ணே, ஆணி” என்றாள். நான் நாலு ஆணியை அடித்தேன், என் விரலையும் சேர்த்து அடித்துக்கொண்டேன். கித்தான் விறைத்து நின்றதும், தர்பூசணிக்காரனின் காலடியிலிருந்து வெயில் மெல்லக் கசிந்து, சொட்டி, பரவி, கோரைப்பாயில் வந்து விழுந்தது. அதே இளவெயில். யாரோ பின்னால் மூக்கைச் சிந்தினார்கள், சம்பூரணமாகத்தான் இருக்கும்.

பாய் ஐதராபாத்துக்குப் போன் போட்டார். படம் ஓரடி குறைகிறது, சட்டத்தை இரண்டு பக்கமும் ஆறாறு அங்குலம் அகலமாக வைத்து அளவைச் சரிபண்ணித் தருகிறேன், சம்மதமா என்று கேட்டார். அந்தப் பக்கம் யாரோ, சுவரை மூடினால் போதும், தங்க நிறச் சட்டம் என்றால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஓரத்தில் யார் இருந்தார், என்ன விற்றார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசாரி பலகையை இழைத்தார், வைத்தி தங்கப் பெயிண்ட் அடித்தான், மூன்று மணிக்குப் படம் தார்ப்பாய் சுற்றிக்கொண்டு லாரியில் ஏறியது. பாலத்தைத் தாண்டிவிட்டேன் என்று டிரைவர் போன் செய்த பிறகுதான் பாய் சாப்பிட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை நர்சம்மா வந்தார். ஊரில் பாதிப் பேர் கொட்டகைக்குள், மீதிப் பேர் குடையோடு வாசலில். உள்ளங்காலில் அழுத்தினார், சிவப்பு. தொடை, வயிறு, நெஞ்சு, நெற்றி, எல்லாம் சிவப்பு. கண்ணைத் திறந்து காட்டச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினார், அது முழித்துப் பார்த்தது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

“போச்சு” என்றார். “போயே போச்சு. இனி வெயிலு வேணாம், பாலு போதும்.”

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அஞ்சலாட்சி அரைகுறையாக ஒரு வேலையை விட்டவள் இல்லை. நாற்பத்தேழாவது நிழல் பாக்கி. அவள் பெயிண்டைக் குழைத்தாள், பஞ்சை நனைத்தாள், சுவரில் அடித்த துண்டுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் வேலை, அவள் நிழல், யார் போய்க் கேட்பது?

பால் குடித்து முடித்த குழந்தையைச் சுகந்தி கடைசித் தடவையாக வெயிலில் மல்லாக்கப் போட்டாள். வயிறு நிறைந்த தெம்பில் அது காலை உதைக்க ஆரம்பித்தது. அதுவரைக்கும் அது உதைத்ததே இல்லை, கிடந்த இடத்தில் கிடக்கும். அஞ்சலாட்சி தூரிகையைத் தூக்கினவள், பக்கவாட்டில் தரையைப் பார்த்தாள். அங்கே குழந்தைக்குப் பக்கத்தில் அதன் நிழல் கிடந்தது, அதுவும் உதைத்தது. ஓடுகிற நாய்க்கும் பறக்கிற புறாவுக்கும் எத்தனையோ நிழல் போட்டவள்தான், எல்லாம் போட்ட இடத்தில் அசையாமல் நின்ற நிழல்கள். இது நிற்க மாட்டேன் என்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். தூரிகையிலிருந்து பெயிண்ட் அவள் சேலையில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை.

“அம்புரோசண்ணே, பாருங்களேன்” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “நாலு காலால ஒதைக்குது.”

தூரிகையை டர்பன்டைன் டப்பாவில் போட்டுக் கலக்கிக் கழுவினாள்.

“பாய், இத நான் போட மாட்டேன்.”

“யாரும்மா போடச் சொன்னா?” என்றார் பாய், தன் ஈரச் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டே, குழந்தைக்குப் பக்கத்தில் எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று பார்த்தபடி.